பச்சைக் கொட்டகையில் ஒரு கட்டு இலை

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சுபாஷினி எனக்கு அழைப்பெடுத்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்.

"அண்ணே, டீவி பாக்குறீங்களா?"

"சத்தத்தக் கொறச்சுட்டுப் பாக்குறேன்."

"நீங்க எந்தப் பக்கம்? இங்க டீ குடிக்கிற எடத்துல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கெடக்கு. வாழ்நாளெல்லாம் கஞ்சா அரைச்சவரு சிவா அண்ணன், அவரையே கேளுன்னு நுவன் சொல்றான்."

சிரித்தேன். நுவன் சொன்னதில் பொய் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் மருந்து தயாரிக்கும் பகுதியில் இருந்தேன். இடித்த தூள் நெஞ்சில் தங்கி இருமலாகிவிட்டதால் காலத்துக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது குண்டசாலையில் பஸ்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதற்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் செடியை நினைத்தால் எனக்குக் கருத்து எதுவும் வருவதில்லை. வெட்கம்தான் வருகிறது. காதுமடல் சுடுகிற வெட்கம். அது ஏன் என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். எனக்குச் சிங்களமும் தமிழும் வாசிக்க வரும் என்பதால் வேலை கிடைத்தது. முதலில் உரல், பிறகு அம்மி, பிறகு அடுப்பு. தோள்பட்டை பழுத்தது, மூக்குப் பழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு சுக்கையும் சித்தரத்தையையும் பிரிக்கத் தெரிந்த நாளில் என்னை அடுப்படிக்குப் பொறுப்பாக்கினார்கள். அதற்குமேல் அங்கே பட்டம் எதுவும் இல்லை.

பெரிய வைத்தியரை நாங்கள் எல்லாரும் லொக்கு மஹத்தயா என்போம். சிங்களத்தில் பெரியவர் என்று பொருள். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பொருட்களை நேராக்குவார். பேனா, கண்ணாடிக்கூடு, முத்திரை, மை. எல்லாம் ஒரே வரிசையில் வந்துவிட்டால் நமக்கு அன்றைக்குப் பிழைப்பில்லை. எந்த லேகியம் செய்தாலும் முதல் உருண்டையைச் செய்தவன்தான் தின்ன வேண்டும் என்பது அவருடைய சட்டம். தின்றுவிட்டு அவர் முன்னால் நிற்க வேண்டும். முகத்தைப் பார்ப்பார். "நோயாளிக்கு முன்னால் உன் நாக்கு பயப்பட வேண்டும்" என்பார்.

எங்களுக்குக் கஞ்சா இலை வந்த வழியைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். கஞ்சா வைத்திருந்தவர்களைப் பொலிஸ் பிடிக்கும். வழக்கு நடக்கும். வழக்கு முடிந்ததும் பிடிபட்ட இலையில் பெரும்பகுதியை எரிப்பார்கள். மருந்துக்கு ஆகலாம் என்று ஒரு பங்கை நீதிமன்ற உத்தரவோடும் திணைக்கள அனுமதியோடும் எங்களுக்குத் தருவார்கள். வேறெந்த மருந்துச் சரக்குக்கும் இந்த யாத்திரை கிடையாது. நெல்லிக்காய் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு வருவதில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே அதன் பெயர் கஞ்சா. உள்ளே வந்து இறங்கியதும் திரைலோக்கிய விஜயபத்ரம், மூவுலகையும் வென்ற இலை. வென்ற இலை பெரும்பாலும் பூஞ்சணம் பிடித்துத்தான் வரும். பொலித்தீன் பையில் கட்டி, மழைக்காலம் முழுவதும் ஒரு காற்றில்லாத அறையில் கிடந்து, கறுத்து, பிசுபிசுத்து.

முத்திரையை உடைக்கும்போது லொக்கு மஹத்தயாவும் களஞ்சியக்காரரும் நீதிமன்றத்து ஆளும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் விரித்து ஒவ்வொரு பொதியாகக் கொட்டுவேன். பெரியவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். பிறகு இரண்டில் ஒரு சொல். "உள்ளே." அல்லது "ஓரத்துக்கு." ஓரத்துக்குப் போனது எரிப்பதற்கு. பத்துப் பொதியில் ஒன்று உள்ளே வந்தால் எங்களுக்கு அது நல்ல நாள்.

உள்ளே வந்ததையும் அப்படியே இடித்துவிட முடியாது. விதையும் காம்பும் பொறுக்கி, மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, ஓடுகிற தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பிழிய வேண்டும். பச்சைச் சாயம் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளிகிறவரை விடக்கூடாது. நகக்கண்ணில் அந்தப் பச்சை நாட்கணக்கில் நிற்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது கையை மறைத்துக்கொள்வேன். அடுத்து, முடிச்சைப் பசும்பாலில் தொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டும், பாத்திரத்தின் அடியில் படாமல். அந்தப் பாலைக் குழி தோண்டிக் கொட்டி மண் போட்டு மூடுவோம். ஒருமுறை மூட மறந்து, ஒரு நாய் குடித்துவிட்டுக் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளருடைய காரின் முன்னால் படுத்துவிட்டது. ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை. நான்கு பேர் தூக்கி ஓரத்தில் வைத்தோம். அது வாலை மட்டும் ஆட்டியது. கடைசியாக, நிழலில் உலர்த்தி, நெய்யில் மெதுவாக வறுக்க வேண்டும். பச்சை வாசனை கழன்று எள் வாசனைக்குப் பக்கத்தில் வரும் ஒரு கணம் உண்டு. அப்போது இறக்கிவிட வேண்டும். அந்தக் கணத்துக்காகத்தான் நான் காலமெல்லாம் அடுப்பின் முன்னால் நின்றேன் என்றுகூடத் தோன்றும்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பச்சைக் கொட்டகை என்போம். பச்சை மருந்து கொண்டுவருகிறவர்களுக்கான இடம். குணமானவர்களும் குணமாக வேண்டுகிறவர்களும் ஊரிலிருந்து வரும்போது கையோடு ஏதாவது கொண்டுவருவார்கள். ஆடாதோடை, பாவட்டை வேர், வில்வப்பட்டை, ஒரு சாக்கு நெல்லி. விலை கிடையாது. கோவிலுக்குப் பூக் கொண்டுபோகிற மாதிரி. வரிசையில் நின்று கட்டை அவிழ்த்துக் காட்டினால், கொட்டகைக்காரர் பியதாச முகர்ந்து பார்த்து, மண்ணை உதறி, தட்டில் போடுவார். "புண்ணியம்" என்பார். கொடுத்தவர்கள் கும்பிட்டுவிட்டு மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போவார்கள்.

ராமாயி அக்கா புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவர் வேலு அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வயிற்றுக்குள் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அவரை ஒரு வேனில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். லொக்கு மஹத்தயா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நீண்ட நேரம் கையை எடுக்காமல் இருந்தார். பிறகு என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். "கட்டியைக் கரைக்க என்னிடம் மருந்து இல்லை. சாப்பாடு இறங்கவும் தூக்கம் வரவும் தரலாம்." அக்கா தலையாட்டினார். "அது போதுங்க. அத மட்டும் குடுங்க."

அந்த லேகியத்தில் விஜயபத்ரம் இருந்தது. கிளினிக் கார்டோடு அக்கா மட்டும் வந்து வாங்கிப் போகலாம் என்று பெரியவர் அனுமதி எழுதினார். ஒவ்வொரு தடவையும் கம்பளையில் பஸ் மாறி வருவார். வந்தால் அன்றைக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் விழாது, சம்பளம் இல்லை.

"இது உள்ள போன கொஞ்ச நேரத்துல, 'ஏ புள்ள, சோறு இருக்கா'ன்னு கேக்குறாரு தம்பி. அவரு வாயால சோறு கேட்டு எவ்வளவு காலமாச்சு."

"தூக்கம் எப்புடி?"

"கொறட்ட விடுறாரு. முந்தி அந்தக் கொறட்டைக்குத்தான் தலகாணியால அடிப்பேன். இப்ப அது கேட்டாத்தான் எனக்குக் கண்ண மூட முடியுது."

இப்படியே சில மாதம் போயிற்று. பிறகு இலை வரவில்லை. உத்தரவு இரண்டு காரியாலயங்களுக்கு நடுவே எங்கோ படுத்துவிட்டது. லொக்கு மஹத்தயா கடிதம் எழுதினார். பதில் இல்லாதபோது பேனாவை நேராக்கினார். இருந்த கடைசி இலையை நான் பின்முற்றத்தில் நிழலில் பரப்பியிருந்த நாளில் ராமாயி அக்கா வந்தார். ஜன்னலில் மருந்து இல்லை என்றதும் என்னைத் தேடிப் பின்முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"என்னா தம்பி, இல்லைங்குறாங்க."

"அதுல போடுற சாமான் ஒண்ணு வரல அக்கா. இது வேற ஒரு மருந்துக்குன்னு எழுதியாச்சு. அதுக்கே காணாது."

பாயில் கிடந்த இலையைக் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து விரலால் விரித்தார். முகம் மலர்ந்தது.

"இது நம்ம கஞ்சா எலையில்ல?"

"மெதுவாச் சொல்லுங்க. இங்க இதுக்கு விஜயபத்ரம்னு பேரு."

"பேரு நல்லா இருக்கே. எங்க கங்காணி பேத்திக்கு இன்னும் பேர் வைக்கல, சொல்லி விடவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். ஏன் வெயிலில் போடாமல் நிழலில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வெயில் பட்டால் நிறமும் குணமும் ஓடிவிடும், அடுப்புப் பக்கத்துச் சூடும் காற்றும் போதும் என்று பெருமையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, போகிற போக்கில், "செடி கெடைச்சா மருந்து செஞ்சு குடுப்பீங்களா?" என்றார்.

"கெடைச்சா ஏன் செய்ய மாட்டோம்" என்றேன். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மாதங்கள் கழிந்து, மழை முடிந்து, பனி இறங்கத் தொடங்கிய காலத்தில் ஒரு காலை. பச்சைக் கொட்டகையில் வழக்கமான வரிசை. ஹாரிஸ்பத்துப் பக்கத்துக் கிழவர் ஒருவர் வேர்க்கட்டோடு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ராமாயி அக்கா. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் ஒரு பெரிய கட்டு. தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்தி. என்னைக் கண்டதும், முறை வரட்டும் என்பதுபோல் கையைக் காட்டிப் புன்னகைத்தார். நான் ஆடாதோடைத் தட்டை எடுக்கப் போனவன், அப்படியே நின்றேன்.

கட்டு அவிழ்ந்தது. வாசனைதான் முதலில் வந்தது. எங்கள் பொதிகளில் நான் ஒருநாளும் அறியாத வாசனை. நிழலில் பக்குவமாக உலர்ந்து, நிறம் மாறாமல், விதை தட்டி, காம்பு களைந்து, ஒரே சீராக அடுக்கிய இலை.

பியதாச முகர்ந்தார். வாயில் வந்த "புண்ணியம்" பாதியில் நின்றது. "ஐயோ அம்மே, இதை இங்கே கொண்டுவந்தால் நான் எந்தத் தட்டில் போடுவது" என்றார் சிங்களத்தில். வரிசையில் சிலர் சிரித்தார்கள். வேர் கொண்டுவந்த கிழவர், "எனக்கு முதுகுவலி, என் தட்டில் போடு" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். பியதாச கட்டைத் திரும்ப முடிந்து அக்காவின் கையில் கொடுத்து, வந்த வழியே போகச் சொல்லியிருப்பார். நானும் அதைத்தான் சொல்ல ஓடிவந்தேன். ஆனால் பக்கத்து வராந்தாவில், எண்ணெய்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பொலிஸ் கொன்ஸ்டபிள். இடுப்புப் பிடிப்புக்காக வார்ட்டில் இருந்தவர். கழுத்தில் துவாய், காதில் பஞ்சு. அவர் எழுந்து நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்ட பிறகு அவருக்கும் வழியில்லாமல் போயிற்று. பளபளக்கும் கையால் தொலைபேசியைப் பிடிக்க முடியாமல் வழுக்க வழுக்க, தன் நிலையத்துக்கு அழைப்பெடுத்தார்.

லொக்கு மஹத்தயா வந்தார். கூட்டம் விலகியது. கையைக் கழுவவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார், உருட்டினார், கண்ணை மூடினார். பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். உதடு "உள்ளே" என்பதற்குத் திறந்ததை நான் பார்த்தேன். அந்தச் சொல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அரசாங்க வைத்தியர்.

"யாரும் தொட வேண்டாம். ஆஸ்பத்திரி இதை ஏற்கவில்லை." பிறகு என் காதருகே, மிக மெதுவாக, "இவ்வளவு நல்ல இலையை நான் கண்டதில்லை, சிவா."

ராமாயி அக்காவுக்கு என்ன நடக்கிறது என்று இன்னும் விளங்கவில்லை. "பத்தாதா தம்பி? இன்னும் ரெண்டு செடி நிக்குது" என்றார்.

பொலிஸ் வந்தது. வந்தவர்களில் யாருக்கும் தமிழ் வராது. பெரியவரின் அறையில் என்னை உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சப் இன்ஸ்பெக்டர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"எங்கருந்து வாங்குனீங்கன்னு கேக்குறாரு."

"வாங்கலீங்க. நானா வளத்தது. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால, பீலிக் கொழா தண்ணி ஓடுற எடத்துல."

"யார் சொல்லி?"

அக்கா என்னைப் பார்த்தார். பயமோ பழியோ அந்தப் பார்வையில் இல்லை. எனக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார். "இந்தத் தம்பிதான் செடி கெடைச்சா செஞ்சு தாறோம்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு. இங்க எல்லாரும் பச்ச மருந்து கொண்டாறாங்க, நானும் கொண்டாந்தேன்."

நான் ஒரு சொல்லையும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். என்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. சப் இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. லொக்கு மஹத்தயாவைப் பார்த்தார். அவர் மேசையில் முத்திரையை நேராக்கிக்கொண்டே, "வேடிக்கைக்குச் சொன்னது. என் ஆட்களுக்கு நடைமுறை தெரியும்" என்றார். சப் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பேனா மறுபடி ஓடியது. நான் சொன்னதில் என் பங்கு தாளில் ஏறவில்லை. அக்காவின் பங்கு ஏறியது. வளர்த்தேன் என்றார். அது கையில் வைத்திருந்ததைவிடப் பெரிய குற்றம். இன்னும் இரண்டு செடி நிற்கிறது என்றாரே, அதையும், கொஞ்சம் தமிழ் விளங்கும் அந்த எண்ணெய்க் கொன்ஸ்டபிள் ஞாபகப்படுத்தினார். ஒரு ஜீப் புசல்லாவைக்கும் போயிற்று.

உண்மையைச் சொன்னேன். எனக்குத் தலைமயிர்கூட அசையவில்லை. சொன்ன உண்மையின் முழுப் பாரமும் என் முன்னால் கைகட்டி நின்ற பெண்ணின் மேல் போய் உட்கார்ந்தது. சுவருக்கு அப்பால் களஞ்சியத்தில், வேறு யார் யாரோ பிடிபட்டுத் தந்த பூஞ்சணத்துக்கு நாங்கள் விஜயபத்ரம் என்று பெயரெழுதிப் பூட்டிவைக்கும் அலுமாரி இருந்தது. அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நகத்தைப் பார்த்தேன். காலையில் பிழிந்த வேறேதோ இலையின் பச்சை இருந்தது.

ஜீப்பில் ஏறும்போது அக்கா திரும்பினார். "அப்ப இன்னிக்கு மருந்து கெடைக்காதுங்களாய்யா?" என்று கேட்டார். அதுவரை தம்பி என்றவர்.

கொன்ஸ்டபிள் இரண்டு நாட்கள் வார்ட்டை விட்டு எண்ணெய்ச் சிகிச்சைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து கதவோரம் நின்றார். "அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள், அண்ணா. நான் வேறு என்ன செய்ய" என்றார். தண்ணீர் கேட்பதுபோல் கேட்டார். நான் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தேன்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் பிணைக்கு ஆள் தேடி வரும்வரை அக்கா விளக்கமறியலில் இருந்தார். வேலு அண்ணனுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்கள் கஞ்சி ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். லீவு போட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். அக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டார். தலைவர் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார், வழக்கு இழுத்தால் வீட்டில் கிடப்பவரை யார் பார்ப்பது என்று. தண்டப்பணம் கட்டி வெளியே வந்தவரை நான் வாசலில் எதிர்கொண்டேன். "வாங்கய்யா" என்றார், வீட்டுக்கு வந்தவரை வரவேற்பதுபோல. பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் ஜன்னலுக்கு வரவே இல்லை.

படுத்துக் கிடந்த உத்தரவு ஒருவழியாக எழுந்து வந்தது. நீதிமன்றப் பொதிகள் வந்தன. வெள்ளைத் தாள் விரித்தேன். ஓரத்துக்கு. ஓரத்துக்கு. ஓரத்துக்கு. பிறகு ஒரு பொதியைப் பிரித்தேன். உள்ளே படங்குத் துணி. மற்றதெல்லாம் அழுகி வந்த அதே அறையிலிருந்து அது வந்திருந்தது. நன்றாக உலர்த்தியதால் தாக்குப்பிடித்திருந்தது. மணம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். பெரியவர் சிட்டிகை எடுக்கவில்லை. குனியவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே, "உள்ளே" என்றார். களஞ்சியக்காரர் எடை சொன்னார். நீதிமன்றத்து ஆள் கையெழுத்து வைத்தார். எல்லாம் சட்டப்படி. கொண்டுவந்தவளிடமிருந்து வாங்கினால் குற்றம். அவளைத் தண்டித்துவிட்டு வாங்கினால் மருந்து.

அந்த இலையை நான் கழுவினேன். பாலில் காய்ச்சினேன். வறுத்தேன். எள் வாசனை வந்த கணத்தில் இறக்கினேன். முதல் உருண்டையைத் தின்றுவிட்டு லொக்கு மஹத்தயாவின் முன்னால் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டை இழுத்து, வேலு அண்ணனின் பெயரை எழுதி, நோயாளியைப் பார்க்காமல் சீட்டு எழுதாத மனிதர், கையெழுத்து வைத்தார். "புசல்லாவைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

சுபாஷினி, நீ கேட்டதற்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலிபோட்டு வளர்க்க அனுமதி தரலாம், அந்நியச் செலாவணி வரும் என்கிறார் ஒருவர். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார் மற்றவர். பிள்ளைகள் கெட்டுப்போவதை நானும் பார்த்திருக்கிறேன், அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் நான்கு பேரும் செடியைப் பற்றியே பேசுகிறார்கள். பீலிக்கரையில் அதை நட்டவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாளைக்கு வேலிக்குள் அது வளரும்போது, வேலிக்கு வெளியே அதே செடிக்காக ஜீப் போகுமா போகாதா? அதை முதலில் சட்டத்தில் எழுதச் சொல்லு. எழுதிய பிறகு நான் எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.

புசல்லாவையில் இறங்கி மலையேறி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ராமாயி அக்கா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். உட்காரக் கதிரை போட்டார். உள்ளே வேலு அண்ணன் கிடந்தார். போர்வைக்குள் ஆள் இருப்பது முனகலால்தான் தெரிந்தது. பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன்.

"உங்க எலையில செஞ்சது அக்கா."

அவர் கை நீளவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் போயிற்று.

"வேணாங்கய்யா. வீட்டுல வைக்க ஏலாது."

"இது ஆஸ்பத்திரி மருந்து. பாருங்க, சீல் இருக்கு. அண்ணன் பேருக்குச் சீட்டு இருக்கு. யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"அன்னிக்கும் கார்டு மடியிலதான் இருந்துச்சு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

சீட்டை விரித்துக் காட்டினேன். கையெழுத்தைக் காட்டினேன். சட்டத்தை விளக்கினேன். நான் பேசப் பேச அவர் முகம் நீதிமன்றத்தில் நின்ற முகமாக மாறிக்கொண்டே வந்தது. நிறுத்திவிட்டேன். உள்ளே முனகல் கேட்டது. அக்கா ஒரு முறை கதவைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார்.

"நீங்களே குடுத்துருங்கய்யா. நான் தொட மாட்டேன். குடுத்துட்டு, போத்தல நீங்களே கொண்டு போயிருங்க."

உள்ளே போனேன். அண்ணனின் தலையை என் கைமேல் சாய்த்து, கரண்டியால் லேகியத்தை நாக்கில் வைத்தேன். விழுங்க நேரமெடுத்தது. அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, லயத்து வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வருகிறார்களா என்று. தன் வீட்டில், தன் கணவர் மருந்து சாப்பிடுவதற்குக் காவல் நின்றார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது, அண்ணன் கண் திறக்காமல், "ஏ புள்ள" என்றார்.

"என்னாங்க."

"சோறு இருக்கா?"

அக்கா அடுப்படிக்கு ஓடினார். பானையைத் திறக்கிற சத்தம், தட்டுக் கழுவுகிற சத்தம். சோற்றைப் பிசைந்துகொண்டே வந்து, என்னைக் கடந்து உள்ளே போகுமுன், ஒரு கணம் நின்றார்.

"நாளைக்கு யாருங்கய்யா வந்து குடுப்பாங்க?"

போத்தல் என் பையில் இருந்தது. முக்கால்வாசிக்கும் மேல் மருந்து இருந்தது. அதோடு கண்டிக்குப் பஸ் ஏறினேன்.